முதலில் அப்டேட், பிறகு மெயில்: ஸ்மார்ட்போனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

புதுப் போன் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் வாட்ஸப்பை ஏற்றுவார்கள், மெயில் ஐடியைப் போட்டு உள்ளே நுழைவார்கள். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: போனை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்துக்கு (ஆண்ட்ராய்டு, ஐபோனில் ஐஓஎஸ்) அப்டேட் போடுவது. கடைக்கு வந்த போன் பெட்டிக்குள்ளேயே மாதக்கணக்கில் இருந்திருக்கலாம். அது தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் அதில் இன்னும் அடைபடாமல் கிடக்கும்.

இந்த வரிசையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் மெயில்தான். உங்கள் மெயில் பெட்டிக்கு என்னென்ன வருகிறது என்று பாருங்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, ரயில் டிக்கெட், வருமான வரித் துறையின் அறிவிப்பு, காப்பீட்டுப் பத்திரம், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம். எந்தத் தளத்தில் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று தட்டினாலும், புதிதாக அமைப்பதற்கான இணைப்பு பெரும்பாலும் மெயிலுக்குத்தான் வருகிறது. வீட்டுச் சாவிகள் அத்தனையையும் கோத்த வளையம் அது. அந்த வளையத்தைத் தொங்கவிடும் இடம் போன். அதனால் போனை முதலில் சரிசெய்துவிட்டு, பிறகு மெயிலுக்கு வருவோம்.

அப்டேட் என்ற ஒரே பெயரில் வரும் நான்கு விஷயங்கள்

பொதுவாக அப்டேட் என்று சொல்லிவிடுகிறோம். உள்ளே பார்த்தால் நான்கு வேறு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது பதிப்பு மாற்றம். ஆண்ட்ராய்டு 15-இல் இருந்து 16-க்குப் போவது, ஐஓஎஸ் 18-இல் இருந்து 26-க்குப் போவது எல்லாம் இந்த வகை. ஐபோனில் 18-க்கு அடுத்து 26 என்று பார்த்துவிட்டு நடுவில் எதையோ தவறவிட்டோமோ என்று பதற வேண்டாம். 2025-இல் ஆப்பிள் ஆண்டைக் குறிக்கும் எண்ணுக்கு மாறியது, அவ்வளவுதான். பதிப்பு மாறும்போது திரையின் தோற்றம் மாறும், புதிய வசதிகள் வரும். 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் ஐபோனோடு சேர்ந்தே வந்தன. தனியாக எதையும் நிறுவாமல் தமிழில் எழுத முடிந்தது ஓர் அப்டேட் கொடுத்த வசதி.

இரண்டாவது பாதுகாப்பு பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் சிறு திருத்தம். கண்ணுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. என்னைக் கேட்டால் நான்கிலும் இதுதான் முக்கியமானது. 2015-இல் ‘ஸ்டேஜ்ஃப்ரைட்’ என்ற பெயரில் ஆண்ட்ராய்டில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. வீடியோக்களைக் கையாளும் பகுதியில் இருந்த பிழை அது. சூழ்ச்சியாகத் தயாரித்த ஒரு எம்எம்எஸ் (வீடியோ இணைத்த குறுஞ்செய்தி) வந்து விழுந்தாலே போதும், நீங்கள் அதைத் திறக்காமலேயே போனுக்குள் வேறொருவர் நுழைய வழி இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் இருந்துதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. தெரியாத லிங்க்கைத் தொடாமல் கவனமாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஸ்டேஜ்ஃப்ரைட் நல்ல பதில். சில ஓட்டைகளுக்கு உங்கள் கவனம் தடையே ஆகாது. பேட்ச் மட்டும்தான் தடுக்கும்.

மூன்றாவது, கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட். 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உடன் வந்தது. போன் கம்பெனிக்காகக் காத்திருக்காமல் இயங்குதளத்தின் சில பகுதிகளைக் கூகுளே நேரடியாகத் திருத்தும் ஏற்பாடு இது. நான்காவது செயலிகளின் அப்டேட். இது பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர் வழியாக வருவது, எல்லோருக்கும் தெரிந்தது.

உங்கள் ஆண்ட்ராய்டு போன் எந்த நிலையில் இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடலாம். செட்டிங்ஸுக்குள் போய், மேலே இருக்கும் தேடல் பெட்டியில் ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்று தட்டுங்கள். ஒரு தேதி தெரியும். அது போனை வாங்கிய தேதியோ, நீங்கள் கடைசியாக அப்டேட் போட்ட தேதியோ இல்லை. எந்த மாதம் வரையிலான ஓட்டைகள் அடைக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் காட்டுவது. மூன்று நான்கு மாதத்துக்கு முந்தைய தேதியாக இருந்தால் அப்டேட் காத்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

தொடங்குவதற்கு முன்

எல்லோரும் சொல்லும் அறிவுரை சார்ஜ், வைஃபை, பேக்கப் (போனில் உள்ளவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது). மூன்றும் சரி. அவற்றைவிட முந்திக்கொண்டு நான் கேட்கும் கேள்வி வேறு: போனின் பின் நம்பர் நினைவிருக்கிறதா?

கைரேகையும் முகமும் வைத்தே மாதக்கணக்கில் போனைத் திறப்பவர்கள் ஏராளம். பிள்ளைகள் அமைத்துக் கொடுத்த போனை வைத்திருக்கும் பெற்றோருக்குப் பின் நம்பர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும். அப்டேட் முடிந்து போன் அணைந்து எழுந்ததும் கைரேகை வேலை செய்யாது. முதல் முறை பின் நம்பரையோ பேட்டர்னையோ போட்டே ஆக வேண்டும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இதுதான் விதி. அது தெரியாவிட்டால் போனை முழுக்க அழித்துத் தொடங்குவதைத் தவிர வழி கிடையாது. ஆகவே அப்டேட் போடும் முன் ஒரு தடவை பின் நம்பரைக் கையால் போட்டுத் திறந்து பாருங்கள். சிம்முக்குத் தனியாகப் பின் வைத்திருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

அடுத்து, தொடர்புகள். பெயர்களும் எண்களும் போனிலேயோ சிம்மிலேயோ மட்டும் பதிந்திருந்தால் போன் போனதும் அவையும் போய்விடும். ஆண்ட்ராய்டில் கூகுள் கான்டாக்ட்ஸ் செயலியைத் திறந்து, சிம்மில் இருப்பவற்றைக் கூகுள் கணக்குக்கு இறக்குமதி செய்துகொள்ளுங்கள். இனிமேல் புதிதாகப் பதியும் எண்ணும் கூகுள் கணக்கில் சேரும்படி அமைத்துவிடுங்கள். ஒரு முறை செய்தால் போதும், அடுத்த போன் வாங்கும்போதும் கை கொடுக்கும்.

போனின் மொத்தப் பேக்கப் ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கூகுள், பேக்கப் என்ற வழியில் இருக்கிறது. ஐபோனில் செட்டிங்ஸின் உச்சியில் உங்கள் பெயரைத் தட்டி, ஐகிளவுட், ஐகிளவுட் பேக்கப் என்று போக வேண்டும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இந்த 15. ஆப்பிள் இலவசமாகத் தருவது 5 ஜிபிதான். அதனால் ஐபோன்காரர்கள் படங்களைக் கணினிக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

வாட்ஸப்புக்குத் தனிப் பேக்கப் வேண்டும். வாட்ஸப்பின் செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய், கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் இந்தப் பேக்கப்பும் இப்போது அந்த 15 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும்.

பதிப்பு மாற்றத்துக்குச் சில ஜிபி காலி இடம் தேவைப்படும். இடமில்லை என்று போன் சொன்னால், முதலில் தேட வேண்டிய இடம் வாட்ஸப்தான். அதன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்ற பகுதி, பெரிய கோப்புகளையும் பலமுறை பகிரப்பட்டவற்றையும் வரிசைப்படுத்திக் காட்டும். காலை வணக்கப் படங்களையும் பல குழுக்களில் சுற்றிய வீடியோக்களையும் அழித்தாலே போதிய இடம் வந்துவிடும். குடும்பப் படங்களில் கை வைக்க வேண்டியிருக்காது.

சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், முடிந்தால் சார்ஜரில் மாட்டியே வையுங்கள்.

அப்டேட் போடும் முறை

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட். சாம்சங்கில் செட்டிங்ஸ் பட்டியலின் கீழ்ப்பகுதியில் சாஃப்ட்வேர் அப்டேட், அதற்குள் டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால். கூகுளின் பிக்சலில் செட்டிங்ஸ், சிஸ்டம், சாஃப்ட்வேர் அப்டேட். ரெட்மி, போக்கோ போன்களில் அபவுட் போனுக்குள் போய், மேலே பெரிதாகத் தெரியும் பதிப்புப் பெட்டியைத் தட்ட வேண்டும். விவோ, ஒப்போ, ரியல்மி போன்களில் இடம் மாடலுக்கு மாடல் மாறும். எந்தப் போனாக இருந்தாலும் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘அப்டேட்’ என்று தட்டினால் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். போன் தமிழில் இருந்தால் செட்டிங்ஸ் என்பது ‘அமைப்புகள்’ என்று இருக்கும்.

டவுன்லோட் முடிந்ததும் நிறுவச் சொல்லிக் கேட்கும். இரவு படுக்கப் போகும் முன் தொடங்குவது வசதி. அவசரமான அழைப்பை எதிர்பார்க்கும் நேரத்தில் தொடங்க வேண்டாம். சில போன்களில் நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் எல்லாம் ஏறிவிடும், கடைசியில் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. 2016-இல் ஆண்ட்ராய்டு 7-உடன் வந்த முறை இது. போனுக்குள் இயங்குதளத்துக்கு இரண்டு இடங்கள் வைத்து, ஒன்று ஓடும்போது மற்றொன்றில் புதியதை ஏற்றுவார்கள். புதியது எழவில்லை என்றால் பழையதுக்கே திரும்பிவிடலாம். இந்த வசதி இல்லாத போன்களில் திரையில் ஒரு கோடோ சதவீதமோ மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். நின்றுவிட்டது போலத் தோன்றினாலும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்காதீர்கள். பாதியில் நிற்கும் அப்டேட்தான் போனைச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும்.

முடிந்த பிறகு ஓரிரு நாள் போன் கொஞ்சம் சூடாகும், சார்ஜ் வேகமாக இறங்கும். செயலிகளைப் புதிய பதிப்புக்கு ஏற்பத் தயார்செய்வது, படங்களை மறுபடி வகைப்படுத்துவது என்று உள்ளே வேலை நடந்துகொண்டிருப்பதுதான் காரணம். ‘அப்டேட் போட்டால் போன் ஸ்லோ ஆகிவிடும்’ என்ற பேச்சு பாதி இந்த இரண்டு நாளைப் பார்த்துப் பிறந்தது. மற்றப் பாதியில் உண்மையும் உண்டு. குறைந்த ரேம் உள்ள பழைய போனில் பெரிய பதிப்பு மாற்றம் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். ஆனால் மாதாந்தரப் பாதுகாப்பு பேட்ச் போனை மந்தமாக்கும் என்று பயந்து ஒத்திப்போடுவதற்கு நியாயமே இல்லை.

என் கருத்து இதுதான்: பாதுகாப்பு பேட்ச் வந்தால் அன்றோ மறுநாளோ போட்டுவிடுங்கள். பெரிய பதிப்பு மாற்றம் வந்தால் ஒன்றிரண்டு வாரம் பொறுத்திருந்து, உங்கள் வங்கிச் செயலியும் அலுவலகச் செயலியும் அதில் ஓடுகின்றனவா என்று அதே மாடல் வைத்திருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஏனென்றால், போட்ட பிறகு பழைய பதிப்புக்குத் திரும்புவது சாதாரணப் பயனாளருக்கு நடவாத காரியம். உங்கள் நண்பருக்கு வந்த அப்டேட் உங்களுக்கு வரவில்லை என்றால் போனில் குறை என்று நினைக்க வேண்டாம். கம்பெனிகள் சிறு சிறு கூட்டமாகத்தான் அனுப்புவார்கள், சிக்கல் எழுந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வதற்காக.

அப்டேட்டுக்குப் பிறகு மெயில் நின்றுவிட்டால்

2021 மார்ச்சில் உலகம் முழுவதும் ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் உள்பட பல செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன. மெயில்களை வைத்திருக்கும் கம்பெனிக் கணினியில் (சர்வரில்) கோளாறு எதுவும் இல்லை. செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்ற பகுதிக்கு வந்த ஓர் அப்டேட் பிழையோடு வந்திருந்தது. கூகுள் விரைவிலேயே திருத்தம் வெளியிட்டது. பிளே ஸ்டோரில் வெப்வியூவையும் குரோமையும் அப்டேட் செய்தவர்களுக்குச் சரியாகிவிட்டது. அன்று செயலியை நீக்கி, கணக்கை நீக்கி, போனையே அழித்தவர்கள் இருந்திருப்பார்கள். அதனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அடுத்து பிளே ஸ்டோரில் எல்லாச் செயலிகளையும் அப்டேட் செய்யுங்கள், அதற்கும் அசையாவிட்டால் ஆப் இன்ஃபோவுக்குள் போய் மெயில் செயலியின் கேஷை (அது தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருப்பதை) அழியுங்கள். கணக்கை நீக்கிச் சேர்ப்பது கடைசி வழி.

மெயில் வருகிறது, மணி மட்டும் அடிக்கவில்லை என்பது வேறு நோய். ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மி போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும் வழக்கம் பலமாக உண்டு. மெயில் செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்து, ஆப் இன்ஃபோவுக்குள் போய், பேட்டரியில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று மாற்றுங்கள். ஆட்டோஸ்டார்ட் என்று ஒரு பொத்தான் இருந்தால் அதையும் திறந்து விடுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், நோட்டிஃபிகேஷன் காட்டுவதற்கே செயலி உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். அப்போது அவசரத்தில் மறுத்திருந்தால் அதே இடத்தில் அனுமதி கொடுத்துவிடலாம்.

போனுக்கு எத்தனை ஆண்டு ஆயுள்

போன் வாங்கப் போகிறவர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறார்கள். எத்தனை ஆண்டு அப்டேட் வரும் என்று கேளுங்கள். கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. 2019-இல் வந்த ஐபோன் 11-க்கு ஐஓஎஸ் 26 கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் தர வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறது. நம் கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கும் சில மாடல்களுக்கு இரண்டு மூன்று ஆண்டோடு நின்றுவிடுகிறது. மலிவாக வாங்கி இரண்டு ஆண்டில் மாற்றுவதைவிட, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஆறேழு ஆண்டு வைத்துக்கொள்வதே கணக்குப் பார்த்தாலும் லாபம். கம்பெனிகள் அறிவிக்கும் ஆண்டுகள் பெரும்பாலும் மாடல் வெளியான நாளில் இருந்து எண்ணப்படுபவை, நீங்கள் வாங்கிய நாளில் இருந்து அல்ல. பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கும்போது இதைக் கழித்துப் பாருங்கள்.

அப்டேட் நின்றுபோன போனைத் தூக்கிப் போட வேண்டாம். பாட்டுக் கேட்க, படம் பார்க்க, பிள்ளைகள் படிக்க வைத்துக்கொள்ளலாம். வங்கிச் செயலியையும் முதன்மை மெயிலையும் மட்டும் அதில் இருந்து எடுத்துவிடுங்கள். மிகப் பழையதானால் மெயிலே உங்களை விட்டுப் போகும். 2021 செப்டம்பர் 27 முதல் ஆண்ட்ராய்டு 2.3.7-உம் அதற்கு முந்தைய பதிப்புகளும் உள்ள போன்களில் கூகுள் கணக்கில் நுழையவே முடியாமல் போயிற்று.

போலி அப்டேட்

உண்மையான இயங்குதள அப்டேட் வாட்ஸப்பில் வராது. எஸ்எம்எஸ் லிங்க்காக வராது. இணையப் பக்கத்தில் ‘உங்கள் போனில் வைரஸ், உடனே அப்டேட் செய்யவும்’ என்று மின்னும் பலகையாகவும் வராது. செட்டிங்ஸுக்குள் மட்டும்தான் வரும். வங்கி கேஒய்சி, போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று வெவ்வேறு பெயரில் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி நிறுவ வைப்பது இந்தியாவில் பரவலாக நடக்கும் மோசடி. நிறுவிய மாத்திரத்தில் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியை எடுத்துக்கொள்ளும். தெரிந்தவர் எண்ணில் இருந்து வந்தாலும் திறக்காதீர்கள், அவர் போனும் அதே வலையில் சிக்கியிருக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது.

இனி மெயில்

செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன் கணக்கைப் பூட்டுவோம். ஜிமெயில் வைத்திருப்பவர்கள் கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் மூன்று வேலை செய்யுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் இன்றைக்கும் உங்களிடம் இருப்பவைதானா என்று பாருங்கள். நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணைக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அந்த எண் உங்கள் மெயிலின் மீட்பு எண்ணாகவே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்குங்கள். மூன்றாவது, அங்கேயே கிடைக்கும் பத்து பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி, வீட்டில் சொத்துப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். போன் தொலைந்த அன்றைக்கு உள்ளே நுழைய வழி அந்தத் தாள்தான்.

இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கைக் கூகுள் நீக்கக்கூடும். 2023 டிசம்பரில் இருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. பழைய ஐடியில் ஏதாவது முக்கியமானது இருந்தால் அவ்வப்போது ஒரு முறை உள்ளே போய் வாருங்கள்.

இப்போது செயலிகள். ஆண்ட்ராய்டில் ஜிமெயில் ஏற்கெனவே இருக்கும். பெரும்பாலோருக்கு அதுவே போதும். யாஹூ, அவுட்லுக், அலுவலகக் கணக்கு எல்லாவற்றையும் அதிலேயே சேர்க்கலாம். மேலே வலப்பக்கம் உங்கள் படத்தைத் தட்டி, இன்னொரு கணக்கைச் சேர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஸ்பேம் என்னும் குப்பை மெயிலைப் பிரிப்பதில் அது கெட்டி. ஐபோனில் உள்ள ஆப்பிள் மெயில் எளிமையானது. 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் வந்த பிரைவசி புரொடெக்ஷனை இயக்கினால், நீங்கள் மெயிலைத் திறந்தீர்களா என்று விளம்பரக்காரர்கள் வேவு பார்ப்பது தடைப்படும்.

அலுவலகம் மைக்ரோசாஃப்ட் 365-இல் ஓடுகிறது என்றால் அவுட்லுக் வைத்துக்கொள்ளுங்கள். மெயிலும் காலண்டரும் ஒரே இடத்தில் இருப்பது மீட்டிங் நிறைந்த நாளில் பெரிய உதவி. முக்கியமானவற்றைத் தனியே பிரிக்கும் ஃபோகஸ்டு இன்பாக்ஸ் சிலருக்குப் பிடிக்கும். ஆனால் எதிர்பார்த்த மெயில் ‘அதர்’ பக்கத்தில் ஒளிந்துகொள்வதும் உண்டு, புதியவர்கள் அதை அணைத்து வைப்பது நல்லது. சொந்த ஜிமெயிலை அவுட்லுக்கில் சேர்க்க நான் சொல்ல மாட்டேன். சேர்த்தால் உங்கள் அஞ்சல்கள் மைக்ரோசாஃப்ட் சர்வர் வழியாக ஒத்திசைக்கப்படும். சொந்த விஷயமும் அலுவலக விஷயமும் வெவ்வேறு செயலிகளில் இருப்பது மனத்துக்கும் நல்லது.

ஜோஹோ மெயில் நம் ஊர்க்காரர்கள் செய்தது. 1996-இல் தொடங்கிய நிறுவனம், சென்னையில் தலைமையகம், தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம். ஜோஹோ மெயில் 2008-இல் வந்தது. விளம்பரம் கிடையாது. சிறுகடை வைத்திருப்பவர், சொந்த டொமைனில் (தன் கடைப் பெயரிலான இணைய முகவரியில்) மெயில் முகவரி வேண்டும் என்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

அந்தரங்கம் முக்கியம் என்பவர்களுக்குப் புரோட்டான் மெயில். செர்ன் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சந்தித்த விஞ்ஞானிகள் 2014-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. ஒரு புரோட்டான் கணக்கில் இருந்து இன்னொன்றுக்குப் போகும் மெயிலை நிறுவனமே படிக்க முடியாது. ஜிமெயில்காரருக்கு நீங்கள் அனுப்பும் சாதாரண மெயிலுக்கு அந்தப் பாதுகாப்பு அப்படியே தொடராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். யாரும் நிரலைப் பார்க்கக்கூடிய திறந்த மூலச் செயலி வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டில் தண்டர்பேர்ட் இருக்கிறது. பல ஆண்டுகளாக கே-9 மெயில் என்ற பெயரில் இருந்தது 2022-இல் தண்டர்பேர்டோடு சேர்ந்து, 2024 அக்டோபரில் அந்தப் பெயரிலேயே வெளிவந்தது.

கணக்கைச் சேர்க்கும்போது ஐமேப், பாப் என்று இரண்டு கேட்டால் ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். மெயில் சர்வரிலேயே இருக்கும், போனில் படித்தது கணினியிலும் படித்ததாகத் தெரியும். பாப் முறையில் மெயில் போனுக்கு இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடக்கூடும். போர்ட் எண் கேட்டால் பாதுகாப்பான ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587. ஜிமெயில் கணக்கை வேறு செயலியில் சேர்க்கும்போது கூகுளின் சொந்த நுழைவுப் பக்கம் திறக்க வேண்டும். 2022 மே 30 முதல் வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து நுழையும் பழைய முறையைத் தனிநபர் கணக்குகளுக்குக் கூகுள் நிறுத்திவிட்டது. கேள்விப்படாத பெயர் கொண்ட ‘எல்லா மெயிலும் ஒரே இடத்தில்’ என்னும் செயலி உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டைத் தன் பெட்டியிலேயே எழுதச் சொன்னால் அதை நீக்கிவிடுங்கள்.

மெயிலில் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியவை

பட்டியலில் ஒரு மெயிலை விரலால் ஓரமாக இழுத்தால் அது மறைந்துவிடும். ஜிமெயிலில் அது பொதுவாக அழிவதில்லை, ஆர்கைவ் ஆகிறது, அதாவது இன்பாக்ஸை விட்டு ஒதுக்கி வைக்கப்படுகிறது. இடப்பக்கப் பட்டையில் ‘ஆல் மெயில்’ என்பதைத் திறந்தால் அங்கே இருக்கும். மெயில் காணாமல் போய்விட்டது என்று வரும் புகார்களில் பல இதுதான். உண்மையிலேயே அழித்தது டிராஷில் 30 நாள் இருக்கும். ஸ்பேமுக்கும் அதே 30 நாள், அதனால் வேலை விண்ணப்பத்துக்குப் பதிலை எதிர்பார்ப்பவர்கள் ஸ்பேமையும் வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

அனுப்பிய மறுவினாடி பிழை தெரிந்தால், திரையின் கீழே தோன்றும் ‘அண்டு’வைத் தட்டுங்கள். சில வினாடிகள்தான் அவகாசம். ஐபோனின் மெயிலில் அதை 30 வினாடி வரை நீட்டலாம். ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பிக்குள் இருக்க வேண்டும். மேற்பட்டால் டிரைவ் லிங்க்காக அனுப்புங்கள், பெறுபவருக்குத் திறக்கும் அனுமதி கொடுத்தீர்களா என்று பார்த்துவிட்டு.

தமிழில் எழுதுவதற்குத் தனிச் செயலி தேட வேண்டாம். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்தால் தட்டியும் எழுதலாம், பேசியும் எழுதலாம். தமிழ்க் குரல் உள்ளீடு 2017-இல் இருந்து கூகுளில் இருக்கிறது. நீண்ட கடிதத்தைப் பேசி முடித்துவிட்டு, சந்தியையும் நிறுத்தக்குறியையும் கையால் திருத்துவது வேகமான வழி.

யாரிடமிருந்து என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். பெயரைத் தட்டினால் முழு முகவரி தெரியும். வங்கியின் பெயர் போட்டு, முகவரி ஏதோ ஓர் இலவசக் கணக்காக இருந்தால் அது வங்கி இல்லை. விளம்பர மெயில்களுக்கு மேலே உள்ள ‘அன்சப்ஸ்கிரைப்’ பொத்தானைப் பயன்படுத்துங்கள். மொத்தமாக அனுப்புவோர் ஒரே தட்டலில் விலகும் வசதி தர வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024-இல் கட்டாயமாக்கின. முன்பின் தெரியாதவர் அனுப்பிய குப்பைக்கு அதைத் தட்ட வேண்டாம், ஸ்பேம் என்று குறித்தால் போதும்.

போனை விற்கும்போதோ உறவினருக்குக் கொடுக்கும்போதோ, முதலில் செட்டிங்ஸில் கணக்குகளை நீக்கிவிட்டுப் பிறகு ஃபேக்டரி ரீசெட் (போனை முழுக்க அழித்துப் புதிதுபோல ஆக்குவது) செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரெக்கவரி திரை வழியாக ரீசெட் செய்தால், அடுத்தவர் திறக்கும்போது போன் உங்கள் பழைய கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. ஐபோனில் தொலைந்த போனைத் தேடும் வசதியான ஃபைண்ட் மை-யை அணைத்துவிட்டு அழிக்க வேண்டும். ரீசெட் முடிந்த பிறகு, புதுப் போனில் கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலைத் திறந்து, பழைய போன் இன்னும் அதில் தெரிந்தால் அங்கிருந்தே வெளியேற்றுங்கள்.